இரண்டு பாட்டில் காட்டுத்தேன்: 890 ரூபாயும் 420 ரூபாயும்

ஜூலை பிறந்தால் அம்மாவுக்கு இருமல் வந்துவிடும். பெங்களூரின் விட்டும் விடாத தூறல் அவளுக்கு ஆகாது. திப்பிலியை வறுத்துப் பொடித்து தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொண்டால் இரண்டு நாளில் அடங்கும் என்பாள், அடங்கவும் செய்யும். ஆனால் அதற்கு "நல்ல தேன்" வேண்டும். சூப்பர் மார்க்கெட் தேனை அவள் தேன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. அம்மா பிறந்தது தேன்கனிக்கோட்டையில். ஊர்ப் பேரிலேயே தேன் வைத்திருக்கிறவளிடம் போய் என்ன வாதாடுவது? சின்ன வயதில் மலையிலிருந்து இருளர்கள் தூக்குவாளியில் கொண்டுவந்து கேழ்வரகுக்கு மாற்றிக்கொண்டு போன தேனைப் பற்றி, அல்சூர் வீட்டுக்கு நாங்கள் வந்த இந்த முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் இந்த முறை காட்டுத்தேன் என்று போட்டு விற்பதில் இரண்டை வாங்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வாங்கியது தேன்தான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது பாதிக்கு மேல் சட்டத்தைப் பற்றி வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டில் இந்திரா நகரில் ஒரு கடையில் வாங்கியது. கடைப் பெயரும் பிராண்டு பெயரும் வேண்டாம், இது ஒரு கடையின் குறை மட்டும் இல்லை. உள்ளே நுழைந்தால் ஏசி, மஞ்சள் விளக்கு, எலுமிச்சைப்புல் வாசனை. 250 கிராம் 890 ரூபாய். மர மூடி, கழுத்தில் சணல் கயிறு, கயிற்றில் தொங்கும் குட்டி மரக்கரண்டி. லேபிளில் ஆங்கிலத்தில் "மனிதக் காலடி படாத காட்டிலிருந்து" என்ற பொருளில் ஒரு வரி. அதற்குக் கீழேயே, சுருக்கம் விழுந்த ஒரு ஆதிவாசிப் பெரியவரின் முகம், கறுப்பு வெள்ளையில். காலடி படாத காட்டில் இவர் எப்படி வந்தார் என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "அது டிசைன் மேடம்" என்றான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியவில்லை.

எந்த ஊர்த் தேன் என்று கேட்டதற்கு மேற்குத் தொடர்ச்சி மலை என்றான். குஜராத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை போகிற மலை அது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் ட்ரோனில் எடுத்த வீடியோ ஒன்று வருகிறது, பனிமூட்டம், மரங்கள், புல்லாங்குழல். வீட்டுக்கு வந்து அவர்கள் மின்னஞ்சலுக்கு மூன்று கேள்வி அனுப்பினேன்: எந்தக் காடு, யார் எடுத்தது, எடுத்தவருக்குக் கிலோவுக்கு எவ்வளவு. நாலு நாள் கழித்து பதில் வந்தது. சப்ளையர் விவரம் வணிக ரகசியமாம். படத்தில் இருக்கும் பெரியவரின் பெயர் என்ன என்று திரும்ப எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை.

தேன் எப்படி? நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கெட்டியாக, ஒரே சீராக, கரண்டியிலிருந்து நூல் அறுந்து விழாமல் இறங்கியது. நிறம் பழைய பித்தளை. வாசனை மட்டும் கொஞ்சம் காய்ச்சிய வெல்ல வாசனை. அம்மா நாக்கில் வைத்து, "பாகு மாதிரி இருக்கு, தோசைக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மூடி வைத்தாள். அவள் வாயிலிருந்து அது பாராட்டு இல்லை. கலப்படம் என்று நான் சொல்லவில்லை, சோதிக்க என்னிடம் கருவியும் இல்லை. தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதுவும் நம்பத்தக்க சோதனை கிடையாது. 2020 டிசம்பரில் டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேனை ஜெர்மனிச் சோதனைக்கூடம் வரை அனுப்பிப் பார்த்ததில் 10 தேறவில்லை என்று வெளியிட்டதே, அந்தத் தேன்களில் பலவும் இங்கே நடக்கும் சாதாரணச் சோதனைகளில் பாஸ் ஆனவை. தீக்குச்சியை வைத்து நாம் என்ன கண்டுபிடிக்கப் போகிறோம்?

இரண்டாவது பாட்டிலுக்கு வருவோம்.

ஜெயநகரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒரு இயற்கைச் சந்தை. சிறுதானியம், செக்கு எண்ணெய் எல்லாம் தாண்டி ஓரத்தில் ஒரு மடக்கு மேஜை. மேஜைக்குப் பின்னால் நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அக்கா. நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன், அம்மாவிடம் நான் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு அவரே தமிழுக்கு மாறினார். "தாளவாடியில எங்க பெரியம்மா வீடு. தமிழு கொஞ்சம் வரும் அக்கா." அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் அக்கா, இரண்டு பேருக்கும் சிக்கல் இல்லை. கர்நாடகத்தில் சாமராஜநகர் பக்கம் இருக்கும் பிளிகிரி ரங்கன மலைக்காரர். சோளகர், அந்த மலையின் ஆதிவாசி மக்கள். அவர்கள் ஊரைப் போடு என்கிறார்கள்.

என்ன தேன் வேண்டும் என்று கேட்டார். தேன்தான் வேண்டும் என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஹெஜ்ஜேனா, துடுவேயா, கோல் ஜேனா, நசரியா?" அம்மா முந்திக்கொண்டாள். ஹெஜ்ஜேன் என்றால் மலைத்தேன், பெரிய தேனீ, உயரத்தில் தொங்கும். துடுவே பொந்துத்தேன். கோல் ஜேன் கொம்புத்தேன். நசரி கொசுத்தேன், கொட்டாத குட்டித் தேனீ, மருந்துக்கு. இரண்டு பேரும் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பேர், கன்னடப் பேர் என்று ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாங்கியது ஹெஜ்ஜேன். அரை கிலோ 420 ரூபாய். கண்ணாடி பாட்டில், கோணலாக ஒட்டிய கன்னட லேபிள். அந்த லேபிளில் போடின் பெயர் இருந்தது, எடுத்த மாதம் மே என்று இருந்தது, உணவு உரிம எண் இருந்தது. புல்லாங்குழல் இல்லை.

மேஜையின் பின்னால் துணியில் குத்தி ஒரு லாமினேஷன் காகிதம் தொங்கியது. சாமி படம் வைப்பதுபோல மேலே சின்னதாக ஒரு பூச்சரம் வேறு. என்ன என்று கேட்டேன். அவர்கள் கிராமசபைக்குக் கிடைத்த சமூக வன உரிமைப் பத்திரத்தின் நகல், அதாவது தனி ஆளுக்கு இல்லாமல் ஊருக்கே பொதுவாகக் காட்டின் மீது கிடைத்த உரிமை. "இது வர்றதுக்கு முன்னாடி இதே தேன் திருட்டுத் தேன் அக்கா. அதே மரம், அதே தேன். எங்க அப்பா ராத்திரி எடுத்து ராத்திரியே ஒளிச்சு வைப்பார்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வரலாறு தேவைப்பட்டது, வீட்டுக்கு வந்து படித்தேன். அந்த மலை 1974-இல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. காட்டுக்குள் இடம் மாற்றி மாற்றிப் பயிர் செய்துகொண்டிருந்த சோளகர்களை ஓரமாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வேட்டை போனது, பயிர் போனது, தேனும் நெல்லிக்காயும் பாசியும் சேகரித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போடுவது மட்டும் மிச்சம் இருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2002-இல் திருத்தியபோது சரணாலயத்துக்குள் விற்பனைக்காக எதையும் எடுக்கக் கூடாது என்றாகி, அடுத்த சில வருஷங்களில் அதுவும் நின்றது. ஒரு குடும்பத்தின் வருமானத்தில் பெரிய பங்கு ஒரு உத்தரவில் போய்விட்டது.

அதே காலத்தில்தான் டெல்லியில் இன்னொரு சட்டம் வருகிறது. பெயர் மூச்சு வாங்கும்: பட்டியல் பழங்குடியினர் மற்றும் பிற பாரம்பரிய வனவாசிகள் (வன உரிமைகளை அங்கீகரித்தல்) சட்டம், 2006. வன உரிமைச் சட்டம் என்று சொன்னால் போதும். காட்டு நிலத்தில் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து குடியிருந்து பயிர் செய்பவர்களுக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை என்பது எல்லோரும் பேசுகிற பகுதி. எனக்கு வேண்டியது அதிலிருந்து இரண்டு மூன்று வரி தள்ளி இருக்கிறது. சிறு வனப் பொருள்கள் மீது சொத்துரிமை, அதாவது சேகரிக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். சிறு வனப் பொருள் என்றால் என்ன என்று சட்டமே பட்டியல் போடுகிறது. மூங்கில், பிரம்பு, அரக்கு, பீடி இலை, மூலிகை, கிழங்கு, அந்த வரிசையில் தேனும் மெழுகும் பேர் சொல்லியே இருக்கின்றன. அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் சமையலறை அலமாரியில் இருந்த பாட்டிலை ஒரு தடவை பார்த்தேன், உண்மையாகவே.

2012-இல் விதிகளைத் திருத்தியபோது இன்னும் தெளிவாக்கினார்கள். இந்தப் பொருள்களுக்கு ராயல்டியோ கட்டணமோ வாங்கக் கூடாது. வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால் அதைக் கொடுப்பது கிராமசபையின் குழு. வனத்துறையின் கையெழுத்துக்குக் காத்து நிற்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் மேந்தா லேகா என்ற கிராமம் தன் மூங்கிலை விற்க இந்தச் சீட்டுப் புத்தகத்துக்காகப் போராடி, 2011-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷே நேரில் வந்து கொடுத்த கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பிளிகிரி ரங்கன மலையில் நடந்ததைப் பாருங்கள். 2011 ஜனவரியில் அதைப் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கிறார்கள். அதே வருஷம் அக்டோபரில் 25 கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமை கொடுக்கிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் இப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை என்கிறார்கள். அக்காவின் பூச்சரம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

சரி, தேன். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்றது. மேலே ஒரு விரல் உயரத்துக்கு நுரை. ஒரு தேனீயின் கால், நூல் மாதிரி, நுரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொண்ணு முகத்தைச் சுளித்தாள், அம்மாவுக்கோ கண்ணெல்லாம் சிரிப்பு. தேன் நீர்த்த மாதிரி ஓடியது. கெட்டிதான் சுத்தம் என்று நினைப்பவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். மலைத்தேனில் ஈரப்பதம் இயல்பிலேயே அதிகம், அதனால்தான் புளிக்கிறது, நுரை கட்டுகிறது. உணவுப் பாதுகாப்பு விதி 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் கூடாது என்கிறது, அதற்குள் கொண்டுவர சங்கத்தில் லேசாகச் சூடாக்கி வடிகட்டுவதாக அக்கா சொன்னார். பெரிய ஆலைகள் இன்னும் சூடாக்கும், அப்போது வாசனை போய்விடும். முதல் பாட்டிலின் வெல்ல வாசனை அப்படி வந்ததாக இருக்கலாம்.

சுவையை எப்படிச் சொல்வது? முதலில் இனிப்பு, உடனே துவர்ப்பு, நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி. நாவல் பூத்த நேரத்தில் எடுத்தது, அப்படித்தான் இருக்கும் என்று அக்கா முன்பே எச்சரித்திருந்தார். கடைசியில் தொண்டையில் ஒரு சின்னக் காரம். அம்மா எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் விரலை விட்டாள்.

குறைகளும் உண்டு. பாட்டில் மூடி சரியில்லை, ஆட்டோவில் வந்து இறங்குவதற்குள் பையில் பாதி சந்தைச் சாமான் பிசுபிசுத்துவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன், அந்த மேஜையே இல்லை, ஏன் என்று சொல்ல ஆளும் இல்லை. ஆகஸ்ட் தாண்டினால் ஹெஜ்ஜேன் தீர்ந்துவிடும், அடுத்த மே வரை வராது. யூபிஐ அட்டை வெயிலில் வெளுத்துப்போய் ஸ்கேன் ஆகவில்லை, சில்லறை தேடினோம். விலை குறைவு என்பதையும் குறையாகத்தான் எழுதுவேன். ராத்திரியில், நிலா இல்லாத நாள் பார்த்து, கயிறு கட்டி அவ்வளவு உயரம் ஏறி, புகை போட்டு, குஞ்சு இருக்கும் அடையை விட்டுவிட்டுத் தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து இறக்குவதற்கு 420 ரூபாய் எந்தக் கணக்கிலும் சேராது.

இதையெல்லாம் ஆபீஸில் சொன்னபோது ஒரு நண்பர் விடவில்லை. வார இறுதி வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கபினிக்கு ஓடுகிறவர். "உரிமை உரிமைன்னு எல்லாரையும் உள்ளே விட்டா புலி எங்கே போகும்?" என்றார். கேலிக்குரிய கேள்வி இல்லை அது. நகரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம், நானும் நினைத்தேன். ஆனால் சட்டம் வேட்டைக்கு உரிமை தரவில்லை, வேட்டையும் பொறி வைப்பதும் கூடாது என்று வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. கிடைத்த நிலத்தை விற்கவும் முடியாது, ரிசார்ட்காரருக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியாது, பிள்ளைகளுக்குப் போகும், அவ்வளவுதான். காட்டையும் விலங்கையும் காக்கும் பொறுப்பையும் அதிகாரத்தையும் கிராமசபைக்குத் தருகிறது. உண்மையிலேயே ஆள் இல்லாமல் காக்க வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் அதை அறிவிக்கவும் வழி வைத்திருக்கிறது, ஆனால் முதலில் உரிமையை அங்கீகரித்து முடிக்க வேண்டும், வேறு வழி இல்லை என்று காட்ட வேண்டும், கிராமசபை சம்மதிக்க வேண்டும்.

காகிதத்தில் இப்படி. நடப்பது வேறு. 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது: காப்பகங்களின் மையப் பகுதியில் இன்னும் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, இடமாற்றத்தை முன்னுரிமையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நண்பர் போகும் கபினியை ஒட்டியதுதான் நாகரஹொளே புலிகள் காப்பகம். அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வெளியேற்றப்பட்ட ஜேனு குருபர் என்ற ஆதிவாசிக் குடும்பங்களில் சுமார் 50, வன உரிமை கேட்டு மனுப் போட்டுக் காத்துக் காத்து, 2025 மே மாதம் பழைய ஊருக்கே திரும்பிப் போய்க் குடிசை போட்டன. ஜேனு என்றால் தேன். பேரிலேயே தேன் வைத்திருக்கிறவர்கள் காட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், பணம் கட்டிய ஜீப் உள்ளே போகலாம்! நண்பர் இதற்குப் பதில் சொல்லவில்லை, ஒரு சிறுத்தைப் படம் காட்டினார். நல்ல படம்தான்.

அக்காவிடம் அடுத்த தடவை இதே கேள்வியைக் கேட்டேன். அவர் புலியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நெருப்பைப் பற்றிப் பேசினார். தை, மாசி மாதத்தில் சருகுக்கு மட்டும் பிடிக்கிற மாதிரி சின்ன நெருப்பு வைப்பார்களாம், தரகு பெங்கி என்று பேர். சரணாலயம் ஆனதும் அது குற்றமாகிவிட்டது. "நெருப்பு நின்னுச்சு, உண்ணிச்செடி வந்துச்சு. இப்ப மானுக்கே புல் இல்லை அக்கா. நெல்லி மரத்துல எல்லாம் உப்பிலு." உப்பிலு என்றால் நம் புல்லுருவி, உண்ணிச்செடி என்றால் லாண்டானா. ஏதோ பாட்டி காலத்துக் கதை என்று நினைத்தேன். பெங்களூரிலேயே இருக்கும் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தினர் அந்த மலையில் நீண்ட காலம் வேலை செய்தவர்கள், அங்கே நெல்லி குறைந்ததற்குக் காய் பறிப்பதைவிடப் புல்லுருவியும் உண்ணிச்செடியும் பெரிய காரணம் என்று ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. 2024-இல் லால்பாக்கில் யானைக் கூட்டமாக நின்ற சிற்பங்களோடு நாம் எல்லோரும் செல்ஃபி எடுத்தோமே, அவை அந்த உண்ணிச்செடிக் கொம்பால் ஆதிவாசிகள் பின்னியவைதான்.

அதற்காக அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று அக்காவும் சொல்லவில்லை. பத்திரம் இருந்தும் செக்போஸ்டில் நிறுத்திக் கேள்வி கேட்பது உண்டாம், சில வருஷம் தேனே சரியாகக் கட்டுவதில்லையாம், படித்த பையன்கள் மரம் ஏற வருவதில்லையாம். "என் மகன் மைசூர்ல டெலிவரி வேலை பாக்கிறான். உயரம்னா அவனுக்கு மூணாவது மாடிதான்" என்று சொல்லிச் சிரித்தார். மலை மேல் கோயில் கொண்டிருக்கும் ரங்கசாமி, சோளகர் வீட்டுப் பெண்ணைக் கட்டியவராம், அதனால் அந்தச் சாமி அவர்களுக்கு மாமா முறை, ரங்கபாவா. "மாமன் வீட்டுக்குப் போக சீட்டு கேக்குறாங்க, என்ன செய்யறது?"

மதிப்பெண் போட வேண்டுமென்றால்: முதல் பாட்டில் ருசிக்கு மூன்றரை, மற்றதற்கு ஒன்று, அந்த ஒன்றும் விற்பனைப் பையனுக்கு. இரண்டாவது ருசிக்கு ஐந்துக்கு ஐந்து, மூடிக்கு ஒன்று. பரிசு கொடுக்க வேண்டுமென்றால் முதல் பாட்டில் அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை. கடையில் எது வாங்கினாலும் எந்த ஊர், யார் எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள், விற்பவருக்குத் தெரிகிறதா என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. திப்பிலியாலா தேனாலா என்று தெரியாது. பாட்டில் காலி, காலி பாட்டில் கொண்டுவந்தால் பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார். கழுவி, வெயிலில் காயவைத்து, நல்ல மூடி ஒன்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். மே கடைசியில் போக வேண்டும்.